சுவரோரத்துக் கட்டில்

சுவரோரம் கிடந்த கட்டிலை இழுப்பதற்காகக் குனிந்தபோதுதான் சன்னாசிக்கு அது கேட்டது. கேட்டது என்றுகூடச் சொல்வதற்கில்லை. காது வழியாக வராமல் நேரே நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. ம்ம்ம் என்று ஒரே இழுப்பு. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. குனிந்ததில் ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது போல என்று நிமிர்ந்தார். நின்றுவிட்டது. மறுபடி குனிந்து சுவர்ப் பக்கம் தலையைக் கொண்டுபோனார். இருந்தது. பின்னால் நகர்ந்து அறையின் நடுவில் வந்து நின்றார். இல்லை. எழுபதைத் தாண்டிய மனுஷன் சாயங்கால வேளையில் சொந்த வீட்டு அறைக்குள் கோழி தீனி பொறுக்குவதைப் போலத் தலையை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்றதை யாரும் பார்க்கவில்லை. அதுவரைக்கும் நிம்மதி.

சன்னாசி எதையும் லேசில் நம்புகிறவர் அல்ல, தன் காதையும் சேர்த்துத்தான். காத்தாடியை நிறுத்தினார். ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். கடைசியில் வாசலுக்குப் போய் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டார். வீடு மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டது. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்து, நல்லம்மாள் தலை வைத்துப் படுத்த இடத்தில் தலையை வைத்தார். மிசின் ஓடிக்கொண்டிருந்தது.

மிசின் என்று முதலில் சொன்னவள் அவர் மனைவி நல்லம்மாள்தான். போன தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் ஆரம்பித்தது. முழங்கால் வலிக்காரி. விளக்கு வைத்த கையோடு கஞ்சியைக் குடித்துவிட்டுக் கட்டிலில் ஏறிவிடுவாள்.

"ஏங்க, ஸ்டோர்ல மிசின் ஓடுற மாதிரியே இருக்கு. ஒங்களுக்குக் கேக்கல?"

சன்னாசி அறையின் நடுவில், காத்தாடிக்கு நேர் கீழே பாய் விரித்துப் படுப்பவர். "என்னா மிசின்? எஸ்டேட்ட வித்து, மரத்தச் சாச்சு, செம்பனை நட்டு, அந்தச் செம்பனையும் கெழடாயிடுச்சு. பேசாம படு."

ஸ்டோர் என்றால் தோட்டத்து ரப்பர் ஸ்டோர். பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக இழுக்கிற இடம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தோட்டம் விற்கப்பட்ட நாள்வரை நல்லம்மாளுக்கு அங்கேதான் வேலை. சாந்தினியை வயிற்றில் சுமந்துகொண்டு நின்றபோதும் அந்த எஞ்சின்தான் அவளுக்குப் பக்கத்தில் ஓடியது. அந்தச் சத்தத்தை அவள் காதால் அறிந்தவள் அல்ல, உடம்பால் அறிந்தவள். ஓடுகிற மாதிரி என்றுதான் சொன்னாள். சன்னாசி மகளிடம் போனில் சொன்னபோது அது வேறாகிவிட்டது. "ஒங்கம்மாவுக்கு ஸ்டோர்ல மிசின் ஓடுதாம்லா. நாளைக்கு வேலைக்குப் போறேன்னு கெளம்புவா போல."

ஜெலாப்பாங்கில் வேலை பார்க்கும் மகள் சாந்தினி பதறிக்கொண்டு வந்தாள். அறையின் நடுவில் நின்று காதைத் தீட்டினாள். ஒன்றுமில்லை என்றாள். அப்புறம் சிலிபின் முனீஸ்வரர் கோயில் பூசாரி வந்தார். அவரும் நடுவில் நின்றுதான் உடுக்கை அடித்தார். கட்டில் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டது, அலமாரி எதிர்ப் பக்கத்தை. அந்த அறைக்குள் வருகிறவர் நிற்க நடுவை விட்டால் இடம் ஏது? தோட்டத்தில் செத்த எவளோ பின்னாலேயே வந்துவிட்டாள் என்று பூசாரி சொன்னார். நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அன்றைக்கு விளக்கு வைத்ததும் நல்லம்மாள் கட்டிலில் படுத்தபடி, கோபமில்லாமல், தகவல் சொல்கிற மாதிரி சொன்னாள். "பழம் வச்சும் ஓடுதுங்க."

தூக்கம் போயிற்று. தூக்கம் போனால் மனுஷருக்கு என்னவெல்லாம் போகுமோ அதெல்லாம் பின்னாலேயே போயிற்று. குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். பாசாருக்குக் காய் வாங்கப் போனவள் பையை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். ஒரு நாள் கேஸ் அடுப்பை அணைக்காமல் போய்ப் படுத்துவிட, பானை கரிந்து வீடெல்லாம் புகை. அதற்கு முந்தின வாரமோ என்னவோ, பயந்து பயந்து ஒன்று கேட்டாள்.

"பக்கத்து வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேனே. அந்தச் சுவத்துப் பக்கமாத்தான் வருது."

"அந்தக் கிராணி வீட்டுப் படிய மிதிச்ச, கால ஒடிச்சிருவேன்."

பக்கத்து வீட்டு இராஜசிங்கம் கிராணி அல்ல. பொதுப்பணித் துறையில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக் குடும்பத்து ஆள். குடிவந்த அன்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கையை நீட்டி, "ஓம், ஓம், நாங்கள்தான் புதுசா வந்திருக்கிறம்" என்றார். அந்த ஒரு 'ஓம்' போதுமாக இருந்தது சன்னாசிக்கு. தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணியும் இப்படித்தான் பேசுவான். தோட்டம் கைமாறியபோது, ஆளுக்கொரு வீடு கிடைக்கும், இங்கே பெருவிரலை வை என்று சொன்னவன் அவன். சன்னாசி வைத்தார். வீடும் வரவில்லை, குடியிருந்த லயத்தையும் இடித்தார்கள். அன்றோடு அந்தப் பேச்சுப் பேசுகிற எவனையும் நம்புவதில்லை என்று ஒரு கணக்கு. இராஜசிங்கம் நீட்டிய கையைப் பார்க்காதவர் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். பிறகு அந்த வீட்டு ஜன்னலெல்லாம் தடித்த திரையாகத் தொங்கியதைப் பார்த்து, மறைக்கிறதுக்கு என்னவோ இருக்கு என்று முடிவும் கட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசு, மலாய்க்காரப் பெண், பொறுமையாகத்தான் கேட்டாள். சாந்தினி மொழிபெயர்த்தாள். அம்மாவுக்கு எத்தனை நாளாகச் சத்தம் கேட்கிறது, எப்படிப்பட்ட சத்தம், என்றெல்லாம். கடைசியாகச் சன்னாசியின் பக்கம் திரும்பி, ஒரே அறையில்தானே படுக்கிறீர்கள், உங்களுக்குக் கேட்கிறதா என்றாள்.

"இல்ல" என்றார் சன்னாசி.

பொய் சொல்லவில்லை. நல்லம்மாள் அப்போது அவரைத் திரும்பிப் பார்த்தாள்.  மாத்திரை எழுதினார்கள். மாத்திரை போட்டும் மிசின் ஓடியது. அடுப்பு இன்னொரு தடவை அணையாமல் கிடந்ததும், ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஓர் இல்லம் இருக்கிறது, தெரிந்த அக்கா அங்கே வேலை பார்க்கிறார், நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று சாந்தினி அழுதுகொண்டே ஏற்பாடு செய்தாள். சாந்தினி ஓட்டிவந்த காடியில் ஏறப்போன நல்லம்மாள், சீப்பை மட்டும் மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போய் எடுத்துவந்தாள்.

இப்போது அவள் தலை வைத்த இடத்தில் தலையை வைத்துக்கொண்டு சன்னாசி கிடந்தார். எழுந்தார். மேல்சட்டை போடவும் மறந்து, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கேட்டை ஆட்டினார்.

கதவைத் திறந்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்கோ, வாங்கோ. வீட்டுக்காரம்மாவைக் கன நாளாக் காணேல்லை. மகளிட்டப் போயிட்டாவோ?"

"என்னா மிசின் ஓட்டுற உள்ள?"

"மிசினோ?"

"சுவத்துக்குள்ள உறுமுதே. நடிக்காத. காட்டு."

இராஜசிங்கம் ஒரு கணம் யோசித்து, "ஐயோ, அங்கால கேக்குதே!" என்று வாயில் கையை வைத்தார். பிறகு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சன்னாசியின் அறையைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி அதே அளவு, அதே ஜன்னல், இடம் வலம் மட்டும் மாறிய அறை. சுவரெல்லாம் தடித்த பஞ்சுப் பலகை. பொதுச் சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. நட்டநடுவில் ஒரே ஒரு நாற்காலி. வேறெதுவும் இல்லை.

"பாட்டுக் கேக்கிறதுக்கெண்டே ஓர் அறை செய்தனான்" என்றார் இராஜசிங்கம். "ரிட்டையர் ஆன பிறகு வேற என்ன வேலை? மனுசி சொல்லுறா எனக்குப் பைத்தியமாம்." சிரித்தார்.

சன்னாசி சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை இந்த மனுஷன் எவ்வளவு லேசாகத் தன் தலையில் தானே போட்டுக்கொள்கிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

விஷயம் இதுதான். எல்லாப் பாட்டும் நன்றாகக் கேட்டது. கனத்த அடிச்சத்தம் மட்டும் அந்த நாற்காலிக்கு வந்து சேரவில்லை. அதனால் தினமும் சாயங்காலம் தொடங்கி ராத்திரி வெகுநேரம் வரை அந்த ஸ்பீக்கர் பெட்டியில் ஒரே தடித்த சத்தத்தை ஓடவிட்டு, அதை அங்கங்கே நகர்த்தி வைத்து அளந்துகொண்டிருந்தார். இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "கதவடியில இருந்து இந்தச் சுவர் வரைக்கும் நடந்து பாருங்கோ" என்றார்.

சன்னாசி நடந்தார். கதவோரம் நெஞ்சு அதிர்ந்தது. எட்டு வைக்க வைக்கக் குறைந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் செத்துவிட்டது. அடைமழையில் நடக்கிறவனுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு மட்டும் மழை பெய்யாத இடம் கிடைத்த மாதிரி. இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். பொதுச் சுவரை நெருங்க நெருங்க மறுபடி பிடித்துக்கொண்டது.

"சத்தம் எண்டால் அலை. இந்தத் தடிச்ச சத்தத்துக்கு ஓர் அலை இருபத்திரண்டு அடி வரும். அதில பாதி பதினொண்டு. இந்த அறை சுவருக்குச் சுவர் பதினொரு அடி. அப்ப, போற அலையும் சுவரில பட்டுத் திரும்பி வாற அலையும் ஒண்டை ஒண்டு பிடிச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டுடும். சுவரோரம் குமிஞ்சு கிடக்கும். நடுவில ஒண்டும் இராது. நான் என்ன செய்தனான்? ஒண்டும் இல்லாத இடத்தில இந்தக் கதிரையைப் போட்டுக்கொண்டு, கேக்கேல்லை, கேக்கேல்லை எண்டு சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வச்சன். உங்கட அறையும் இதே அளவுதானே. சுவரைத் தாண்டி வந்தாலும் அங்கயும் இப்பிடித்தான் நிக்கும்."

"நான் நடுவுல படுக்கறவன்" என்றார் சன்னாசி.

"அப்ப உங்களுக்கு ஒரு சத்தமும் கேட்டிராது."

"சுவத்தோரம் எம்பொஞ்சாதி படுத்திருந்தா."

இராஜசிங்கம் போய்ப் பெட்டியை அணைத்தார். அணைந்த பிறகுதான் அது எவ்வளவு நேரமாகத் தன்னைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று சன்னாசிக்குத் தெரிந்தது.

"ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தால் அண்டைக்கே நிப்பாட்டியிருப்பன். உங்கட மனுசி கேட்டடியில நிண்டு ஒருநாள் என்னைப் பாத்துக் கையைத் தூக்கினா. என்னவெண்டு கேக்கச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தன். அதுக்குள்ள நீங்கள் கூப்பிட்டு உள்ள கூட்டிக்கொண்டு போயிட்டியள்."

சன்னாசிக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. "பல்லக் காட்டிக்கிட்டு நிக்காத, உள்ள வா" என்று கத்தியிருந்தார். இராஜசிங்கத்தை அடிக்க வந்தவருக்குக் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மனுசி கோப்பி கொண்டு வருகிறா, இருங்கோ என்று இராஜசிங்கம் சொல்லச் சொல்ல வெளியே வந்தார். வீட்டில் மெயின் சுவிட்ச் இறங்கியபடியே இருந்தது. அதை ஏற்றாமல் இருட்டும் வரை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில், சாந்தினி பேசிவைத்தபடி கட்டிலை எடுத்துப்போக லோரியோடு வந்தவனை, "தர்றதில்ல, போ" என்று விரட்டினார். அவன் சாந்தினிக்குப் போன் போட, சாந்தினி ஓடிவந்தாள். அவர் சொன்னதைக் கேட்டு முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

"அப்பா, இப்ப ஒங்களுக்கும் ஆரம்பிச்சிருச்சா?"

"வந்து தலைய வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தாள். அறை கம்மென்று கிடந்தது. இராஜசிங்கம் ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டியின் கம்பிகளையெல்லாம் கழற்றிப் போட்டிருந்தார். சாந்தினி தகப்பனைப் பார்த்த பார்வை அவருக்குத் தெரிந்த பார்வைதான். அவரே ஒருத்தியைப் பார்த்த பார்வை. நல்லவேளை, இராஜசிங்கமே வேலியோரம் வந்து நடந்ததைச் சொன்னார். கைகூப்பி மன்னிப்பும் கேட்டார். சாந்தினி உள்ளே வந்து உட்கார்ந்தாள். 

"சரிப்பா. சத்தம் இருந்துச்சு. அடுப்பு? அடுப்ப அணைக்காம விட்டதும் பக்கத்து வீட்டுக்காரரா?"

"தூங்காத மனுஷி என்னா செய்வா?"

"கூட்டிட்டு வந்தா யாரு பாத்துக்கறது?"

"நான் பாத்துக்கறேன்."

"நீங்க ஒரு கோப்பி கலக்கிக் குடிச்சு நான் பாத்ததில்ல." மூக்கை உறிஞ்சினாள். "போலாம். ஆனா அம்மாவக் கேளுங்க. வீட்டுக்கு வாரேன்னு அம்மா வாயால சொன்னா கூட்டிட்டு வந்திரலாம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நம்மளா தீர்மானம் பண்ணி ஒரு தடவ அனுப்பினது போதும்."

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். வழி நெடுகச் செம்பனைத் தோப்புகள் வரிசை வரிசையாக வந்து போயின. என்ன சொல்லுவது என்று சன்னாசி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் வாயில் நுழைந்ததில்லை. அவளிடம் அதைச் சொன்னால் அவளே பயந்துவிடுவாள். நீ சொன்னது நெசம் என்று சொல்லலாம். அது போதும். அதைக் கேட்டால் அவள் எழுந்து சீப்பை எடுத்துக்கொண்டு காடியில் வந்து ஏறிவிடுவாள். ஏறாமல் வேறென்ன செய்வாள்?

நல்லம்மாள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டிருந்தார்கள். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் இவர்களைக் கண்டதும் சிரித்தாள். சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். மகளின் வேலையைப் பற்றிக் கேட்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் கேட்டாள். பொறுப்பாளரான நர்ஸ், கலாதேவி மிஸ்ஸி வந்து, "ஆத்தா இப்ப ரொம்ப நல்ல பிள்ளயாயிட்டாங்க. சத்தம் கித்தம் ஒண்ணுமில்ல. இல்லீங்களா ஆத்தா?" என்று சத்தமாகக் கேட்டாள். நல்லம்மாள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினாள். சாந்தினி மிஸ்ஸியோடு பேச உள்ளே போனாள்.

சன்னாசி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வீட்டுக்குப் போலாம் புள்ள."

"எதுக்கு? இங்க எனக்கு நல்லாத்தான் இருக்கு."

"மிசின் ஓடுச்சு. நீ சொன்னது நெசம். நான் கேட்டேன்."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் மெல்ல நகர்ந்து, மிஸ்ஸி போன கதவைப் பார்த்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலங்க" என்றாள். கதவுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "எனக்கு ஒரு சத்தமும் கேக்கல."

"இங்க கேக்காது லா. நம்ம வீட்டுல. ஒன் கட்டில்ல படுத்துப் பாத்தேன். பக்கத்து வீட்டுல பெட்டி வச்சிருந்தாரு. சுவத்தோரந்தான் கேக்கும். நான் நடுவுல படுத்திருந்தேன், அதான் எனக்கு..." சொல்லச் சொல்ல, அது எவ்வளவு புத்தி கெட்ட பேச்சாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. அலை, சுவர், இருபத்திரண்டு அடி. இராஜசிங்கம் சொன்னபோது சரியாக இருந்தது. இவர் வாயில் வரும்போது பூசாரி பேச்சைவிட மோசமாக இருந்தது. "அவரு நிப்பாட்டிட்டாரு. இனிமே ஓடாது. நீ வாரேன்னு ஒரு வார்த்த சொல்லு. சாந்தினி கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கா."

நல்லம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையில் பயம் மெல்ல வடிந்து, வேறொன்று வந்தது. சாந்தினிக்குச் சின்ன வயதில் ஜுரம் கண்டபோது பார்ப்பாளே, அந்த மாதிரி. நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எத்தன நாளாக் கேக்குது?" என்றாள்.

"யேய், அது இல்ல புள்ள..."

"தூங்குறீங்களா? ராத்திரிக்கு முழிச்சு முழிச்சுப் பாக்குறீங்களா?"

சன்னாசியால் இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. கொஞ்ச நாளாக அவர் தூங்கவில்லைதான்.

"சாந்தினிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஏங்க சொன்னீங்க?" பிடித்த மணிக்கட்டை இறுக்கினாள். "சொல்லக் கூடாதுங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாது. கேட்டா இல்லன்னு சொல்லிரணும். நான் சொல்றேன் பாருங்க, அந்த மாதிரி."

தன் கைலிச் சொருகலுக்குள் விரலை விட்டு எதையோ துழாவினாள். கைக்குட்டை முடிச்சு ஒன்று வந்தது. பல்லால் அவிழ்த்தாள். உள்ளே பாதி மாத்திரைகள் நாலைந்து, ஓரம் உதிர்ந்து மாவாகிக் கிடந்தன. அவற்றில் உதிராத ஒன்றைப் பொறுக்கி அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"போட்டுக்குங்க. கசக்கும். தண்ணி வேணாம், எச்சிலோட முழுங்குங்க."

உள்ளே சாந்தினியின் குரல் கேட்டது. மிஸ்ஸி எதற்கோ சிரித்தாள். செருப்புச் சத்தம் வராந்தாவை நோக்கி வந்தது. நல்லம்மாள் அவர் கையைப் பிடித்துத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனாள். கிழவியின் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. மாத்திரை நாக்கில் பட்டுக் கரைய ஆரம்பித்தது. விழுங்கினார்.

"வாயத் தொறங்க" என்றாள்.

சன்னாசி வாயைத் திறந்தார். அவள் அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினார்.